அயலார் தொடக்கூடாது

குதிரைப் பந்தயம் நடத்தத் தெரியாதவர்கள் கையில் ஒரு நாடே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? கரகோல் மைதானத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாய்சாக்குக்கு இந்த நினைப்புத்தான் வரும். பந்தயம் என்றால் விடிந்ததும் ஒரு பள்ளத்தாக்கில் கிளம்பி, ஆறு தாண்டி, மலையடிவாரம் சுற்றி, வெயில் உச்சிக்கு ஏறும்போது சனம் கூடியிருக்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். அதுதான் முறை. இந்த ரஷ்யர்களோ மைதானத்தில் வட்டமாகக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு கயிறு கட்டி, அதற்குள்ளே குதிரைகளைச் செக்குமாடு மாதிரி சுற்றவிடுகிறார்கள். நடுவில் பேண்டு வாத்தியம் வேறு.

"கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குண்ணே ஓடணும்?" என்றான் கச்சிகே. "இங்கேயே நின்னுக்கிட்டு, வந்துட்டேன்னு சொல்லிட்டாப் போச்சு."

"வாயை மூடிக்கிட்டு வாரை இறுக்குடா."

கச்சிகே பாய்சாக்கின் சித்தப்பா மகன். முப்பது வயது தாண்டியும் ஒல்லிப்பிச்சான். வாய் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. அவன் ஏறி உட்கார்ந்தால் குதிரைக்கே தெரியாது என்று ஊரில் கேலி செய்வார்கள். அதனால்தான் இன்றைக்குச் சாப்தாரை ஓட்டும் வேலை அவனுக்கு வந்தது.

சாப்தார் செம்பட்டை உடம்பும் வெளுத்த பிடரியும் கொண்ட ஆறு வயதுக் குதிரை. அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் பாய்சாக்கின் தம்பி ராயிம்குல். தாய்க்குதிரை பனியில் செத்த வருஷம் அதைத் தன் கூடாரத்துக்குள்ளேயே படுக்கவைத்துப் பால் ஊட்டினான். கட்டின பெண்டாட்டியைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று அவன் மனைவி புர்மாகனே குறைப்பட்டிருக்கிறாள். அந்த ராயிம்குல் இப்போது மைதானத்துக்கு அந்தப் பக்கம், நெட்டை மரங்களுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிகிற ஜெயிலில் இருந்தான். நாளைக் காலையில் அவனைச் சைபீரியாவுக்கு நடத்திப் போகிறார்கள்.

அவன் செய்த குற்றத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். குடியேற வரும் ரஷ்ய விவசாயிகளுக்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்று போன வசந்தத்தில் அளவுக்காரர்கள் வந்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து பனிக்காலம் தங்குகிற கிடையில், அப்பன் ஆத்தா சமாதிக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நடுவில், வெள்ளை பூசின கம்புகளை நட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ராயிம்குல் அத்தனையையும் பிடுங்கி அடுப்பில் வைத்துத் தேநீர் போட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். திரும்பி வந்த அதிகாரிக்கும் ஒரு கிண்ணம் நீட்டி, "குடிங்க ஐயா, உங்க விறகுதான், நல்லா எரியுது" என்றான். வீட்டுக்கு வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காமல் இருப்பதா? அதிகாரி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பாய்சாக் ஏறாத வாசல் இல்லை. எழுதிக் கொடுத்த மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் மிஞ்சினது இந்தப் பந்தயம். வெர்னி நகரத்திலிருந்து பெரிய துரை பந்தயம் பார்க்க வருகிறார், ஜெயிக்கிற குதிரைக்குச் சொந்தக்காரனைத் துரை முன்னால் கூட்டிப்போய் நிறுத்துவார்கள், அவன் வாய்விட்டு ஒரு கோரிக்கை கேட்கலாம் என்று சந்தையில் தண்டோரா போட்டார்கள். போன வருஷம் ஜெயித்த முலாம்பழத் தோட்டக்காரன் தன் வாய்க்கால் தண்ணீரைக் கேட்டு வாங்கிவிட்டான். தண்ணீரைத் திருப்பித் தந்தவர் தம்பியைத் தரமாட்டாரா?

தரமாட்டார் என்றுதான் பாய்சாக்குக்கு உள்ளுக்குள் தோன்றிக்கொண்டே இருந்தது. புர்மாகனுக்கு அப்படியில்லை. அவள் தன் குதிரையோடு இன்னொரு குதிரையையும் சேணம் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார் பாய்சாக்.

"அவுக எதுல வீட்டுக்கு வருவாக, அத்தான்? நடந்தா?"

அவர் அந்தக் காலிச் சேணத்தையே பார்த்தார். கல்யாணத்துக்குத் தைத்த விரிப்பை எடுத்துப் போட்டிருந்தாள்.

பந்தயத்துக்கு முன்னால் குதிரைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு ராணுவ அதிகாரி விதிகளை வாசித்தார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் துபாஷி ஜைனுல்லா அதை அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டு போனார். ஜைனுல்லா தாத்தாரி இனத்தவர். மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம். இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு உள்ள சலிப்பு அவர் முகத்தில் நிரந்தரமாக இருக்கும்.

"முரசு அடிச்ச பிறகுதான் கிளம்பணும். கயித்துக்கு உள்ளாற குறுக்கே வெட்டக் கூடாது. அடுத்த குதிரை மேல சாட்டை படக் கூடாது. ஓடுற குதிரையை அயலார் தொடக்கூடாது. தொட்டா அந்தக் குதிரைக்குப் பரிசு இல்லை."

பாய்சாக் விவரமான ஆள். காதில் விழுந்ததை அப்படியே விட்டுவிடுகிறவர் இல்லை. வரிசையிலிருந்து ஓர் எட்டு முன்னால் வந்து கேட்டார்.

"துபாஷி ஐயா, அந்தக் கடைசியா சொன்னீங்களே. யாரு தொடக்கூடாது?"

"அயலார் தொடக்கூடாதுய்யா. எத்தனை தரம் சொல்றது?"

"அயலார். சரிங்க. நல்ல சட்டம்தான்."

உண்மையிலேயே அவருக்கு அது நல்ல சட்டமாகப் பட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திதி விருந்துப் பந்தயத்தில் வேற்றுக் குலத்துப் பயல் ஒருவன் சாப்தாரின் தாய்மாமன் முறையான குதிரையின் காலுக்குள் கம்பை விட்டு விழத்தாட்டினான். அந்த மாதிரி எடுபட்டவர்களை அடக்கத்தானே சட்டம் வேண்டும்? பரவாயில்லை, இந்த ரஷ்யர்களுக்கும் குதிரையைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முரசு அடித்தார்கள். பன்னிரண்டு குதிரைகள் கிளம்பின.

முதல் சுற்றில் சாப்தார் எங்கே என்றே தெரியவில்லை. முன்னால் போனது கோசாக் படைத் தலைவர் ஒருவரின் கறுப்புக் குதிரை. சீமைச் சரக்கு. நீளக்கால், வாரிவிட்ட மாதிரி மின்னுகிற உடம்பு. கூடாரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த துரைசானிகள் அதற்குக் கைக்குட்டை ஆட்டினார்கள். இரண்டாவது சுற்றிலும் அதுவேதான். கயிற்றுக்கு வெளியே குதிரை மேல் உட்கார்ந்திருந்த பாய்சாக்கின் மாம்பெத் குலத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் புல்லைப் பார்த்தார்கள்.

"கச்சிகே தூங்கிட்டானா என்ன?" என்றார் ஒருவர்.

"குதிரைகிட்ட பேசிக்கிட்டு இருப்பான்" என்றார் இன்னொருவர்.

மூன்றாவது சுற்றில் சாப்தாரின் வெளுத்த பிடரி கூட்டத்திலிருந்து தனியே பிரிந்தது. நான்காவதில் கறுப்புக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசிச் சுற்று தொடங்கும் இடத்தில், எல்லோர் கண் முன்னாலும், கறுப்பைத் தாண்டியது. அதுவரை இல்லாத ஒன்று, நம்பிக்கை என்கிற அந்தப் பாழாய்ப்போனது, அப்போதுதான் பாய்சாக்குக்குள் வந்தது. தாடியை நீவிவிட்டுக்கொண்டார். துரை முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். 'என் தம்பி வாய்த்துடுக்கு உள்ளவன் ஐயா, வேறு குற்றம் இல்லாதவன்.'

கடைசி வளைவில் கறுப்பு நெருங்கியது. சாப்தாரின் தலை தாழ்ந்தது. கச்சிகே பிடரி மேல் கவிழ்ந்து கிடப்பது போலத் தெரிந்தது.

அவர்கள் ஊரில் இந்த இடத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஓடி வருகிற குதிரை கடைசிப் பாதையில் களைத்துத் தலை தாழ்த்தும்போது, அதன் சொந்தக்காரர்கள் எதிர்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஓட்டி, குலத்து முப்பாட்டன் பேரைச் சொல்லிக் கத்தி, கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். தனியாக இல்லை என்று குதிரைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சூரோ போவது என்று இதற்குப் பேர். தன் குதிரைக்குச் சூரோ போகாதவன் தன் வீட்டு இழவுக்கும் போகமாட்டான் என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மாம்பெத் குலத்து ஆட்கள் எல்லோரும் இப்போது பாய்சாக்கின் முகத்தைப் பார்த்தார்கள். குதிரை அவர் வீட்டுக் குதிரை. அவர்தான் முதலில் நகர வேண்டும்.

துபாஷி சொன்னது பாய்சாக்குக்கு நினைவில் இல்லாமல் இல்லை. அயலார் தொடக்கூடாது. அவர் அயலார் இல்லை. ஆனாலும் அந்த வெள்ளைக் கையுறையை நினைத்து ஒரு கணம் கயிற்றுக்கு வெளியே தயங்கினார்.

"என்னத்தான் நிக்கிறீங்க?" என்றாள் புர்மாகன். "நம்ம குதிரை தனியா வருது."

அதற்கு மேல் எந்த மனுஷன் நிற்பான்?

பாய்சாக் குதிரையோடு கயிற்றைத் தாண்டினார். பின்னால் நாலு பேர் தாண்டினார்கள். "மாம்பெத்! மாம்பெத்!" என்று அவர் கத்தின கத்தலில் கூடாரத்துத் துரைசானிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். சாப்தாருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது கச்சிகே தலையைத் தூக்கினான். வாய் திறந்திருந்தது, சாட்டைக் கையை வீசி வீசி ஏதோ சொன்னான். குளம்புச் சத்தத்திலும் கூச்சலிலும் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. பாவம், கூப்பிடுகிறான் என்று நினைத்தார் பாய்சாக். குனிந்து சாப்தாரின் கடிவாளத்தைப் பிடித்தார். "வாடா என் ராசா, வா, உன்னைப் பெத்தவன் உள்ளே கிடக்கான், வா" என்று இழுத்தார். இன்னொருவர் பின்னாலிருந்து தட்டினார். கறுப்புக் குதிரை இரண்டு உடல் தூரம் பின்தங்க, சாப்தார் எல்லையிலிருந்த வெள்ளைக் கம்பத்தைத் தாண்டியது.

பாய்சாக் அழுதுகொண்டே இறங்கிக் குதிரையின் நெற்றியில் முத்தமிட்டார். சனம் அவரைக் கட்டிப்பிடித்தது. யாரோ குதிரைப்பால் கிண்ணத்தை வாயில் வைத்தார்கள். புர்மாகன் கூட்டத்துக்கு வெளியே நின்று, காலிச் சேணத்தின் மேலிருந்த தூசியை முக்காட்டு நுனியால் தட்டினாள்.

கச்சிகே மட்டும் குதிரையிலிருந்து இறங்கவே இல்லை.

"பேண்டு ஏண்ணே அடிக்கலை?" என்றான்.

ஆமாம், பேண்டு அடிக்கவில்லை. கூடாரத்துக்கு முன்னால் சிவப்புக் கொடி ஒன்று ஏறியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜைனுல்லா வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"என்னய்யா செஞ்சு வெச்சிருக்கே? உன் குதிரைக்குப் பரிசு கிடையாது. கறுப்புக் குதிரைதான் முதல்."

"எதுக்கு?"

"எதுக்கா? அயலார் தொடக்கூடாதுன்னு உன் மூஞ்சிக்கு நேரா ரெண்டு தரம் சொன்னேனா இல்லையா?"

பாய்சாக் சுற்றும் முற்றும் பார்த்தார். "யாரு தொட்டா? எந்த அயலான் தொட்டான்? சொல்லுங்க, அவன் கையை உடைக்கிறேன்."

"நீதான்யா தொட்டே."

"நானா?" பாய்சாக்குக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "ஐயா, இது என் தம்பி குதிரை. ஓட்டினவன் என் சித்தப்பா மகன். நான் எப்படிங்க அயலார் ஆவேன்? கூட வந்தவங்க பூராவும் மாம்பெத் ஆளுங்க. அயலார் ஒருத்தர் விரல்கூடப் படலை. போய் அந்தக் கையுறைக்காரர்கிட்ட சொல்லுங்க, அவருக்கு வெவரம் தெரியலை."

ஜைனுல்லாவின் முகத்திலிருந்த சலிப்பு முதல் தடவையாகக் கழன்றது. தான் எந்தச் சொல்லைப் போட்டோம், இவர் எதைக் கேட்டார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடப்பாவி மனுஷா" என்றார் மெல்ல. "அவங்க பேச்சுல பஸ்தரோன்னின்னு ஒரு வார்த்தை. நான் அதை அயலார்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. குதிரை மேல உட்கார்ந்திருக்கிறவனைத் தவிர எல்லாரும் பஸ்தரோன்னிதான். நீயும்தான், நானும்தான், அவனைப் பெத்த ஆத்தாளும்தான்."

"கூடப்பிறந்தவனுமா?"

"கூடப்பிறந்தவனும்தான்."

பாய்சாக் அந்த வார்த்தையை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு குதிரைகளை விலக்கிக்கொண்டு கூடாரத்தை நோக்கி ஓடினார். பந்தயம் போனால் போகட்டும், துரையின் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று நினைத்தார். கோசாக்குகள் குதிரைகளைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். அந்தக் குதிரைகளின் கால்களுக்கு நடுவில், கறுப்புக் குதிரையின் சொந்தக்காரர் வெள்ளிக் கிண்ணம் வாங்குவது தெரிந்தது. துரை அவரிடம் ஏதோ கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவருக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை போலும். இப்போது பேண்டு அடித்தது.

துரை விருந்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் தங்கினார்கள். போர்சோக் மாவுருண்டை பொரித்து வைத்ததை யாரும் தொடவில்லை. சாப்தார் மட்டும் நறுக்நறுக்கென்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் மார்பில் வியர்வை எப்போதோ காய்ந்துவிட்டது. பாய்சாக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையைப் பற்றித் தெரிந்தவர் அவர். களைத்துப்போன குதிரை இப்படி மேயாது.

"கச்சிகே. இங்க வாடா."

கச்சிகே வந்து எதிரே குந்தினான். காலையிலிருந்த வாய் அவனுக்கு இல்லை.

"என்னடா கத்தினே, நாங்க வந்தப்ப?"

"விடுண்ணே அதை."

"சொல்லு."

கச்சிகே தரையிலிருந்து ஒரு புல்லைப் பிடுங்கினான். "வராதீங்கன்னு கத்தினேன். நான்தான் அவனை அடக்கி வெச்சிருந்தேன். கறுப்பு பக்கத்துல வரட்டும், நேர்ப்பாதையில விடலாம்னு. மூச்சு நிறைய இருந்துச்சுண்ணே. சும்மா விட்டிருந்தாலே போயிருப்பான்."

பாய்சாக் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. கையை மட்டும், கடிவாளத்தைப் பிடித்த அந்தக் கையை, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிப் போடலாம் போலிருந்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

புர்மாகன் அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"போங்கன்னு சொன்னது நான்தான், அத்தான்."

"நீ சொல்லாட்டியும் போயிருப்பேம்மா."

"நீங்க போகாம நின்னிருந்தா ஆயுசுக்கும் உங்ககிட்ட பேசியிருக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் ஜெயில் கதவைத் திறந்து கைதிகளை இரண்டிரண்டு பேராக வெளியே விட்டார்கள். காலில் சங்கிலி. ராயிம்குல் மூன்றாவது ஜோடியில் வந்தான். தலையை மழித்திருந்தார்கள், காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. அவன் முதலில் பார்த்தது அண்ணனை அல்ல, பெண்டாட்டியை அல்ல, புர்மாகன் கையில் பிடித்திருந்த அந்தக் காலிச் சேணக் குதிரையை. முகம் முழுக்கச் சிரித்தான்.

"அண்ணே, நேத்து நீ கத்தினது உள்ளே வரைக்கும் கேட்டுச்சு" என்றான். "மாம்பெத் மாம்பெத்னு. உன் குரல்தான்னு எனக்குத் தெரியாதா? சூரோ போயிட்டாங்கடா, சாப்தார் ஜெயிச்சுட்டான்டான்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன். ராத்திரி எத்தனை நாளைக்கப்புறம் தூங்கினேன் தெரியுமா?"

பாய்சாக் அவன் கூடவே நடந்தார். காவலர்களின் துப்பாக்கிகளுக்கு வெளிப்பக்கமாக, ரொட்டி கட்டின துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"ஜெயிச்சான்ல?" என்று கேட்டான் ராயிம்குல்.

"அவன்தான் முதல்ல வந்தான்."

"நினைச்சேன். அப்ப துரைகிட்ட பேசினியா? இன்னைக்கு வாசல்ல விட்டுடுவாங்கன்னுல்ல நினைச்சேன். எதுவரைக்கும் நடக்கணும்? அந்தப் பாலம் வரைக்குமா?"

எந்த அண்ணன் இதற்குப் பதில் சொல்வான்? பாய்சாக் ரொட்டியைக் கொடுப்பதற்காகக் கையை நீட்டினார். தம்பியின் தோளில் விரல் பட்டது.

காவலன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் கையைத் தள்ளிவிட்டு உரக்க அதட்டினான். ரஷ்யப் பேச்சில் நாலைந்து வார்த்தை. முன்னெல்லாம் என்றால் பாய்சாக்குக்கு எதுவுமே புரிந்திருக்காது. தாம் இவனுடைய அண்ணன் என்று கைச்சாடை காட்டி மன்றாடியிருப்பார். இப்போது அந்த நாலைந்தில் ஒரு வார்த்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

பஸ்தரோன்னி என்றான் காவலன்.

"என்னண்ணே சொல்றான்?" என்றான் ராயிம்குல், நடந்துகொண்டே, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

"என்னைத்தான்டா சொல்றான்" என்றார் பாய்சாக். சொல்லிவிட்டு ரொட்டியோடு ஓரமாக விலகி நின்றார்.